விபத்தாய்வின் வரலாறும் புத்தளக் கரையும்

கடலை நம்பி வாழும் மக்களுக்கு விபத்து புதிய செய்தியன்று. புயலும் பாரும் மணற்றிட்டும் தோணிகளை விழுங்கிய கதைகள் ஒவ்வொரு கரையூரிலும் வழங்கி வருகின்றன. ஆயினும், ஒரு விபத்து ஏன் நேர்ந்தது என முறைப்படி வினவி, கிடைத்த விடையை எழுதிவைத்து, அவ்விடையைக் கொண்டு அடுத்த விபத்தைத் தடுக்க முனைவது மனித வரலாற்றில் மிகப் பிந்தியே தோன்றிய வழக்கமாகும். நெடுங்காலம் விபத்து விதியின் செயலாகக் கருதப்பட்டது. பின்னர் அது குற்றவாளியைத் தேடும் வழக்காயிற்று. அண்மைக் காலத்திலேயே அது காரணங்காணும் ஆய்வாக வளர்ந்தது. இம்மூன்று நிலைகளையும் சுருக்கமாக நோக்கி, 2021 ஆம் ஆண்டில் இலங்கையின் மேற்குக் கடலில் எரிந்தழிந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்னும் கப்பலின் வரலாற்றைப் புத்தள மாவட்டக் கரையில் நின்று பார்க்குமிடத்து, அவ்வாய்வு முறையின் நிறைவும் குறைவும் எவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இக்கரையின் இயல்பை அறிதல் வேண்டும். தெற்கே மகா ஓயாவின் கழிமுகத்தில் தொடங்கும் புத்தள மாவட்டக் கரை, வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு என வடக்கு நோக்கிச் சென்று, கற்பிட்டிக் குடாநாடாக நீண்டு, அதற்கப்பால் தீவுகளாகச் சிதறி, வில்பத்துக் காட்டின் ஓரமாக மன்னார் எல்லையை அடைகின்றது. குடாநாட்டின் ஒருபுறம் திறந்த கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் உள்ளன. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள முருகைக்கற் பார் 1992 இல் கடற் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், இந்துக்களும் கத்தோலிக்கரும் பௌத்தரும் கலந்து வாழும் கரை இது. கரைவலை இழுப்போரும், களப்பில் இறால் பிடிப்போரும், தீவுகளில் வாடியமைத்துப் பருவந்தோறும் தங்கித் தொழில் செய்வோரும் இங்குள்ளனர். இவர்கள் அனைவருக்கும் காற்றும் நீரோட்டமுமே நாட்காட்டி. சோழகம் எழும் காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது கரைவலை ஓயும். தொழிலாளர் பலர் கிழக்குக் கரைக்குப் பெயர்வர். வாடை தொடங்கியபின் மீண்டும் வருவர்.

இக்கடலைப் பற்றிய பழைய விபத்துக் குறிப்பொன்றை அராபிய யாத்திரிகர் இப்னு பத்தூத்தாவின் பயணநூலிற் காண்கின்றோம். 1344 ஆம் ஆண்டளவில் மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்ட அவரது கலத்தைக் காற்று இலங்கைப் பக்கமாகத் தள்ளிற்று. அவர் வந்திறங்கிய 'பத்தாலா' என்னும் ஊர் புத்தளமே என வரலாற்றாசிரியர் கொள்வர். அங்கு ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றமையும், அவர் சிவனொளிபாத மலைக்குச் சென்று மீண்டமையும் பலரும் அறிந்த செய்திகள். புத்தளத்திலிருந்து மீண்டும் கடலேறியபின் அவரது கலம் புயலிற் சிக்கி, பாறைகளை அணுகித் தப்பி, ஈற்றில் ஆழமற்ற நீரிற் தரைதட்டிற்று. இவ்விடத்து அந்நூல் கூறும் ஒரு செய்தி கருதத்தக்கது. புயலைக் குறிப்பிடும் அவர், கலத்திற் கடலறிந்த தலைவன் ஒருவன் இல்லாமையையும் சேர்த்தே குறிப்பிடுகின்றார். இயற்கையின் சீற்றத்தோடு மனிதக் குறைபாட்டையும் வைத்தெண்ணும் அச்சிறு குறிப்பில் காரணங்காணும் மனப்பாங்கின் ஒரு வித்து உள்ளது எனலாம். ஆனால் அது யாத்திரிகர் ஒருவரின் நினைவு மாத்திரமே. அதைக்கொண்டு எவரும் எவ்விதியையும் ஆக்கினாரல்லர்.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இக்கரைக்கு வந்தபோது கடலாபத்துப் பெரிதும் வணிக நட்டக் கணக்காகவே நோக்கப்பட்டது. ஒல்லாந்தர் 1667 இல் கற்பிட்டியிற் கோட்டை கட்டத் தொடங்கியதும் களப்பின் வாயிலைக் காத்து வணிகத்தைத் தம் வசமாக்குதற்கே. கொழும்பையும் புத்தளத்தையும் உள்நாட்டு நீர்வழியால் இணைத்த கால்வாய்கள், பருவக்காற்றுக் காலத்திலும் படகுகள் திறந்த கடலைத் தவிர்த்துச் செல்ல உதவின. ஆபத்தை ஆராய்வதற்கு முன்னரே அதைத் தவிர்க்க மனிதர் கற்றுக்கொண்டனர் என்பதற்கு இக்கால்வாய்கள் சான்றாகும்.

விபத்தை அரசு முறைப்படி விசாரிக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலேயே வேரூன்றியது. நீராவி இயந்திரமே அதற்குக் காலாயிற்று. 1840 ஆம் ஆண்டின் புகையிரதச் சட்டத்தின்வழி அரச பரிசோதகர்கள் நியமிக்கப்பட்டனர். 1854 ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டம் கப்பலழிவுகளை விசாரிக்க வகைசெய்தது. 1894 இல் அச்சட்டங்கள் தொகுக்கப்பெற்றுப் பேரரசெங்கும் கப்பல் விசாரணைக்கு அடிப்படையாயின. 1912 இல் 'தைத்தானிக்' மூழ்கியபோது மேர்சி பிரபுவின் தலைமையில் நடைபெற்ற விசாரணை இம்மரபின் உச்சம் எனலாம். அதன் பயனாகவே 1914 இல் கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான முதலாவது சர்வதேச உடன்படிக்கை பிறந்தது. சுதந்திர இலங்கையும் 1971 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்க வணிகக் கப்பற் சட்டத்தின்வழித் தனக்கென ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டது.

எனினும் இவ்விசாரணைகள் நீதிமன்றத்தின் சாயலைக் கொண்டிருந்தன. கப்பற்றலைவனின் தகைமைப் பத்திரத்தைப் பறிப்பதா, விடுவதா என்பதே அவற்றின் மைய வினாவாக அமைவதுண்டு. தண்டனை காத்திருக்கும் மன்றில் உண்மையை முழுமையாகச் சொல்லச் சாட்சி தயங்குவான் என்பது வெளிப்படை. அவன் மறைக்கும் சிறு செய்தியிலேயே அடுத்த விபத்தின் விதை இருத்தலுங்கூடும்.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியது வான்பயணமேயாகும். விமான விபத்துகளை ஆராயத் தனி அதிகாரி ஒருவரை 1915 இலேயே இங்கிலாந்து நியமித்தது. 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் 26 ஆம் உறுப்புரை, விமானம் எந்நாட்டில் வீழ்ந்ததோ அந்நாடே விசாரணையை நடத்தல் வேண்டும் என விதித்தது. 1951 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அவ்வுடன்படிக்கையின் 13 ஆம் இணைப்பு இத்துறையின் அடிப்படை நூலாக விளங்குகின்றது. விபத்தாய்வின் ஒரே நோக்கம் விபத்தைத் தடுத்தலே. பழியையோ பொறுப்பையோ பகிர்ந்தளித்தல் அதன் பணியன்று என்பது அதன் உட்கிடை.

இக்கோட்பாட்டின் பயனையும் வரம்பையும் இலங்கை இருமுறை தன் மண்ணிலேயே கண்டது. 1974 டிசெம்பர் 4 ஆம் நாள், இந்தோனேசிய யாத்திரிகரை மக்கா நோக்கி ஏற்றிச் சென்ற ஒல்லாந்து நிறுவனமொன்றின் விமானம், கொழும்பை அணுகும் வேளையில் மஸ்கெலியா மலையில் மோதி 191 பேர் மாண்டனர். தாம் இருக்குமிடத்தை விமானிகள் பிழையாகக் கணித்தமையே காரணமென ஆய்வு கண்டது. 1978 நவம்பர் 15 ஆம் நாள் ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் விமானம் கட்டுநாயக்காவில் இறங்க முற்படுகையில் வீழ்ந்து 183 பேர் இறந்தனர். அவர்களிலும் பெரும்பாலோர் ஹஜ் முடித்து மீண்ட இந்தோனேசியரே. இம்முறை முடிவுகள் முரண்பட்டன. இறங்குமுறை விதிகளை விமானிகள் பேணாமையே காரணமென இலங்கை கூறிற்று. தரையிலிருந்த வழிகாட்டுங் கருவியிலும் கட்டுப்பாட்டாளர் பணியிலும் குறையிருந்ததென ஐஸ்லாந்துத் தரப்புக் கூறிற்று. ஒரே சிதைவை நோக்கிய இரு நாடுகள் இரு காரணங்களைக் கண்டன. ஆய்வோன் தான் ஆராயும் பொருளில் உரிமையோ பொறுப்போ உடையவனாயின் அவனது முடிவை உலகம் ஐயுறும் என்பதே இதனாற் பெறப்படும் பாடமாகும்.

இவ்வையத்தை நீக்கும் பொருட்டே தனித்தியங்கும் தேசிய விபத்தாய்வு நிறுவனங்கள் தோன்றின. ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 1967 இல் அமைக்கப்பட்டு, 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தால் முழுச் சுதந்திரம் பெற்றது. 1987 இல் 'ஹெரால்ட் ஒவ் ஃப்ரீ என்ரர்பிரைஸ்' என்னும் பயணிகள் கப்பல் முன்கதவு மூடப்படாமற் புறப்பட்டுக் கவிழ்ந்து 193 பேர் இறந்ததன் பின்னர், இங்கிலாந்து 1989 இல் கடல்விபத்துகளுக்கெனத் தனிக்கிளை ஒன்றை நிறுவியது. கனடா 1990 இலும் சிங்கப்பூர் 2016 இலும் பல்வகைப் போக்குவரத்து விபத்துகளையும் ஒருங்கே ஆராயும் நிறுவனங்களை அமைத்துக்கொண்டன. இந்தியா 2012 இல் விமான விபத்துகளுக்கெனத் தனிப் பணியகத்தை ஏற்படுத்தியது. விமானமும் கப்பலும் புகையிரதமும் ஒருங்கே ஆராயப்படும் அத்தகைய தனி நிறுவனம் இலங்கைக்கு வாய்க்கவில்லை.

கடலைப் பொறுத்தவரை சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2008 இல் ஏற்று, 2010 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விபத்தாய்வுக் கோவை முதன்மையானது. கப்பல் முற்றாக அழிதல், உயிரிழப்பு, சூழலுக்குப் பெருங்கேடு ஆகியவை நேரின் ஆய்வு கட்டாயமாகும். கப்பல் எந்நாட்டுக் கொடியைத் தாங்கியதோ அந்நாடு அதற்குப் பொறுப்பு. கேடுற்ற கரைநாடும் 'கணிசமான அக்கறையுடைய நாடு' என்ற வகையில் இடம்பெறும். வான்விபத்தில் வீழ்ந்த நிலத்துக்கு முதலுரிமை. கடல்விபத்திலோ கொடிக்கும் கரைக்குமிடையே உரிமை பகிரப்படுகின்றது. இவ்வேறுபாடு புத்தளக் கரையின் கதையை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

இனி அக்கப்பலின் கதையை நோக்குவோம். சிங்கப்பூர்க் கொடி தாங்கிய 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' 2021 பெப்ரவரியிலேயே சீனக் கப்பற்றளத்திலிருந்து கையளிக்கப்பட்ட புத்தம்புதிய கொள்கலக் கப்பல். 186 மீற்றர் நீளமுடையது. துபாயின் ஜெபல் அலித் துறையிலிருந்து மே மாதத்திற் புறப்பட்டபோது அதில் நைத்திரிக் அமிலம் நிறைந்த கொள்கலன் ஒன்றும் ஏற்றப்பட்டிருந்தது. மே 11 ஆம் நாளே அமிலக்கசிவு அறியப்பட்டது. கட்டாரின் ஹமாத் துறையிலும் இந்தியாவின் ஹசீராத் துறையிலும் அக்கொள்கலனை இறக்கக் கேட்டபோது, அதற்கான வசதி இல்லையென மறுக்கப்பட்டது என்பது கப்பல் நிறுவனத்தின் கூற்று. மே 19 ஆம் நாள் இரவு கொழும்புக்கு அப்பால் வந்து நங்கூரமிட்ட கப்பலில் மறுநாள் புகை எழுந்தது. துறைமுகத்திலிருந்து ஒன்பதரைக் கடல்மைல் தொலைவில் அது நின்றது. மே 25 இல் பெருவெடிப்பு நேர்ந்தது. அதிலிருந்த 25 பேரும் மீட்கப்பட்டனர். இலங்கைக் கடற்படையும் துறைமுக அதிகாரசபையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் பல நாள் போராடித் தீயை அடக்கின. யூன் 2 ஆம் நாள் ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முற்பட்டபோது பின்புறம் கடலடியிற் தட்டியது. ஏறத்தாழ 21 மீற்றர் ஆழத்தில் கப்பல் படிப்படியாக அமிழ்ந்தது.

கப்பலில் 1486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் 81 ஆபத்தான சரக்கைக் கொண்டவை. 25 தொன் நைத்திரிக் அமிலம், சோடியமைதரொட்சைட்டு, பிசின்கள், ஈயக்கட்டிகள் எனப் பட்டியல் நீளும். இவற்றோடு ஏறத்தாழ 1680 தொன் பிளாத்திக்கு மணிகளும் இருந்தன. அரிசியளவான இம்மணிகளே பிளாத்திக்குப் பொருள்கள் யாவற்றுக்கும் மூலப்பொருள். இங்கு ஊன்றி நோக்கவேண்டிய உண்மை யாதெனில், ஆபத்தான சரக்குகளின் சர்வதேசப் பட்டியலில் இம்மணிகள் இடம்பெற்றிருக்கவில்லை என்பதாம். பட்டியலில் இருந்த அமிலம் கப்பலை அழித்தது. பட்டியலில் இல்லாத மணி கரையை அழித்தது. அமிலம் கடலிற் கரைந்து செறிவிழக்கும். மணியோ கரைவதில்லை, மிதந்து, மணலிற் புதைந்து, பருவந்தோறும் மீண்டும் மேலெழும். நானூறுக்கு மேற்பட்ட கடலாமைகள் இறந்து கரையொதுங்கின. நீர்கொழும்புப் பகுதியின் மணற்கரை வெண்பனி படிந்தாற்போற் காட்சியளித்தது.

இனி ஆய்வு எவ்வாறு நிகழ்கின்றது எனச் சிறிது காண்போம். ஆய்வாளர் முதலில் தேடுவது பயணத்தரவுப் பதிகருவியையே. 2002 யூலை முதல் பெருங்கப்பல்களுக்குப் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட இக்கருவி, மேற்றளத்துப் பேச்சு, கப்பலின் நிலை, வேகம், ரேடார்ப் படம் முதலியவற்றைப் பதிந்துகொள்ளும். 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பலின் பதிகருவி 2021 யூன் மாதத்திலேயே மீட்கப்பட்டது. அடுத்துச் சரக்குப் பட்டியலும், எக்கொள்கலன் எங்கு வைக்கப்பட்டது என்னும் அடுக்குப் படமும், துறைகளோடு நிகழ்ந்த செய்திப் பரிமாற்றமும் ஒப்பிடப்படும். மாலுமிகள் வினவப்படுவர். பின்னர் வரைவறிக்கை அக்கறையுடைய நாடுகளுக்கு அனுப்பப்பட்டு, அவற்றின் கருத்துகளுக்கு 30 நாள் வழங்கப்படும். ஈற்றில் அறிக்கையும் பாதுகாப்புப் பரிந்துரைகளும் வெளியாகும். இம்முறையின்படியே கொடிநாடாகிய சிங்கப்பூரின் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பணியகம் ஆய்வை மேற்கொண்டது.

இம்முறையின் சிறப்பை மறுப்பதற்கில்லை. எனினும் புத்தளக் கரையிலிருந்து நோக்கின் மூன்று வினாக்கள் எழுகின்றன.

முதலாவது, விபத்தின் எல்லை யாது என்பது. ஆய்வு மரபு விபத்தைக் கப்பலுக்குள் நிகழ்ந்த ஒன்றாகவே கொள்கின்றது. கசிவில் தொடங்கி மூழ்குதலோடு அது முடிந்துவிடுகின்றது. கரைவாழ் மக்களுக்கோ மூழ்குதலே தொடக்கம். மணிகள் மகா ஓயாவைக் கடந்து மாரவில, சிலாபம், கற்பிட்டிக் கரைகளை அடைந்தமை விபத்தின் பின்விளைவன்று, விபத்தின் தொடர்ச்சியே.

இரண்டாவது, எல்லைக்கோடு பற்றியது. மீன்பிடித்தடை நீர்கொழும்பை வட எல்லையாகக் கொண்டு விதிக்கப்பட்டது. நீரோட்டத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது. சந்தைக்கும் தெரியாது. நஞ்சுண்ட மீனென அஞ்சி மக்கள் மீனை வெறுத்தபோது, தடைக்குள் பிடித்த மீன் எது, தடைக்கப்பால் உடப்பிற் பிடித்த மீன் எது என எவரும் பிரித்துப் பார்த்தாரல்லர். கடலுக்குப் போகத் தடையில்லாதவனுக்கு மீனை விற்கத் தடை இருந்தது. ஆனால் இரண்டாவது தடை எவ்வறிக்கையிலும் தடையாக எழுதப்படுவதில்லை.

மூன்றாவதும் முதன்மையானதும் சாட்சி பற்றியது. ஆய்வாளர் மாலுமியை வினவுவர், முகவரை வினவுவர், கருவியை வினவுவர். கரைவலைச் சம்மாட்டியை வினவும் மரபு இன்னும் தோன்றவில்லை. சோழகக் காலத்தில் மிதப்பன எவ்விடத்தில் ஒதுங்கும், வாடை திரும்பியபின் அவை எவ்வழி மீளும், களப்பின் வாயினூடு எவ்வளவு உட்புகும் என்பவற்றைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர் அவர். இவ்வறிவு கணிதப் படிவங்களுக்கு மாற்றாகாது என்பது உண்மையே. ஆயின் அப்படிவங்களைச் சரிபார்க்கும் உரைகல்லாக அது அமையும். கசிந்த கொள்கலனைப் பற்றிக் கப்பலிலிருந்தோர் எழுதிய மடல்கள் சான்றாகின்றன. வலையில் ஏறிய மணிகளைப் பற்றிக் கரையிலிருந்தோர் எழுதி வைக்காமையால் அவர்தம் அனுபவம் சான்றாகாது போகின்றது.

இக்குறை இழப்பீட்டு வழக்குகளில் தெளிவாக வெளிப்பட்டது. 2023 யூலையில் இலண்டன் கடல்சார் நீதிமன்றம் கப்பல் உரிமையாளரின் பொறுப்பை ஏறத்தாழ 1.9 கோடி பவுணாக வரையறுத்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் இலங்கை அரசு சிங்கப்பூரில் வழக்குத் தொடுத்திருந்தது. சுற்றாடல் அமைப்பினரும் கொழும்புப் பேராயரும் மீனவரும் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுக்களை விசாரித்த இலங்கை உயர் நீதிமன்றம், 2025 யூலை 24 ஆம் நாள் 100 கோடி அமெரிக்க டொலரை இழப்பீடாகச் செலுத்தப் பணித்தது. அதைச் செலுத்த இயலாதெனக் கப்பல் நிறுவனம் 2025 செப்டெம்பரில் மறுத்துரைத்தது. 1.9 கோடி பவுணுக்கும் 100 கோடி டொலருக்கும் இடையிலுள்ள தூரம் சட்டத்தின் தூரம் மாத்திரமன்று. ஒரு கரையின் இழப்பை எதைக் கொண்டு அளப்பது என்பதில் உலகம் இன்னும் உடன்படவில்லை என்பதன் அளவும் அதுவே. ஆய்வு பழிசுமத்தாதிருத்தல் நன்றே. ஆனால் பழி வேறு, இழப்பின் பதிவு வேறு. முன்னையதைத் தவிர்க்கும் ஆர்வத்தில் பின்னையதையும் கைவிடல் முறையன்று.

வரலாறு இப்பாடத்தை மீட்டும் கற்பித்தது. 2025 மே 25 ஆம் நாள், அதாவது 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' வெடித்த அதே நாளில், லைபீரியக் கொடி தாங்கிய 'எம்.எஸ்.சி. எல்சா 3' கொச்சிக்கு அப்பால் 643 கொள்கலன்களுடன் மூழ்கியது. அதிலும் பிளாத்திக்கு மணிகள் இருந்தன. அவை கேரளக் கரையையும் கன்னியாகுமரிக் கரையையும் அடைந்து, அடுத்த மாதத்தில் மன்னார் முதலாய இலங்கைக் கரைகளிலும் ஒதுங்கின. இம்மணிகளைப் பாதுகாப்பாக ஏற்றிச் செல்வது பற்றிச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024 இல் பரிந்துரைகளை வெளியிட்டிருந்தது. அவை பரிந்துரைகளே, கட்டளைகளல்ல. ஓர் ஆய்வின் பயன் அதன் முடிவின் கூர்மையிற் தங்கியிருப்பதில்லை. அம்முடிவு விதியாக மாறும் விரைவிலேயே தங்கியுள்ளது. 'தைத்தானிக்' மூழ்கி இரண்டாண்டுகளில் உடன்படிக்கை எழுந்தது. அதில் இறந்தோருட் செல்வரும் புகழ்பெற்றோரும் இருந்தனர். ஆமைகளும் கரைவலைத் தொழிலாளரும் அத்துணை விரைவாக உலகின் மனத்தை அசைப்பதில்லை.

தொகுத்து நோக்கின், விபத்தாய்வு விதியிலிருந்து குற்றத்துக்கும், குற்றத்திலிருந்து காரணத்துக்கும் வளர்ந்து வந்துள்ளது. அதன் அடுத்த வளர்ச்சி கரையை உள்ளடக்குவதாக அமைதல் வேண்டும். கப்பலும் விமானமும் புகையிரதமும் ஒருங்கே ஆராயப்படும் தனித்தியங்கும் நிறுவனமொன்றை இலங்கை அமைத்துக்கொள்ளல் முதற்படி. துறைமுகத்துக்கோ கப்பல் நிறுவனத்துக்கோ அமைச்சுக்கோ கட்டுப்படாத அத்தகைய நிறுவனமே கொடிநாட்டின் வரைவறிக்கைக்கு நிகரான ஆற்றலுடன் மறுமொழி உரைக்க வல்லது. கரையோர மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக ஒதுங்கியன யாவை, எந்நாளில், எக்காற்றில், எவ்விடத்தில் என்னும் நாட்குறிப்பைத் தொடர்ந்து பேணச் செய்தல் அடுத்த படி. இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் ஒழுங்கும் போதும். வரலாறு கற்கும் மாணவர் ஒரு விடுமுறைக் காலத்தில் இதற்குத் துணை நிற்றல் இயலும்.

இப்னு பத்தூத்தா தம் கலம் தரைதட்டியதன் காரணத்தை எழுதிவைத்தமையாலேயே ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளின் பின்னர் அதைப் பற்றி நாம் பேசுகின்றோம். எழுதப்பட்டது சான்றாகின்றது; எழுதப்படாதது வதந்தியாகத் தேய்கின்றது. அடுத்த கப்பல் எக்கடலில் எரியும் என எவரும் அறியார். எரியுமாயின், புத்தளக் கரையின் சொல் அவ்வாய்வின் ஏடுகளில் இடம்பெறுவதற்கான ஆயத்தம் அக்கரையிலேயே, இப்போதே தொடங்குதல் வேண்டும்.